பேரில்லாக் கூறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சுவரைப் பார்த்து நின்றால்தான் எங்கள் பிளாக்கில் கறி வேகும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. என் வேலையே அதுதான், நிற்பது.

படிக்கட்டுக்கு அடியில், தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில், தரை கொஞ்சம் அகலமாக இருக்கும். ஒரு பக்கம் பைக்குகள் நிற்கும். இன்னொரு பக்கத்தைக் கழுவிவிட்டு, பிளாஸ்டிக் பாயை விரித்து, அதன்மேல் வாழை இலைகளைப் போடுவார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து ஹபீபுல்லா பாய் மீன்பாடி வண்டியில் மாட்டுக்கறியைக் கொண்டுவந்து இறக்குவார். ஆளாளுக்குக் கடைக்குப் போயும் வாங்கலாம்தான். ஆனால் கடையில் சத்தம் போட்டுக் கேட்பவர்களுக்குத் தொடைக்கறி கிடைக்கும், சும்மா நிற்பவர்களுக்கு ஜவ்வும் எலும்பும் கிடைக்கும். என்னை ஒருமுறை கடைக்கு அனுப்பிவிட்டு, நான் வாங்கிவந்த பையைத் திறந்து பார்த்த அம்மா, "இன்னாடி இது, நம்ம தெருவுல நாயிங்க எத்தினி கீதுன்னு எண்ணி வாங்கியாந்தியா?" என்று கேட்டாள்.

அதனால்தான் கூறு. ஆலை எண்ணெய் வெள்ளத்தில் கலந்து ஆற்றில் மிதந்த அந்த மழைக்குப் பிறகு ரொம்ப நாள் யாரும் மீனைத் தொடவில்லை. அப்போது எங்கள் பிளாக்கில் எல்லாரும் கூறில் சேர்ந்தார்கள். அதற்கு முன்பு, வியாசர்பாடிக் கால்வாய்க் கரையில் இருந்து வந்த நாங்கள் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தோம். மொத்தமாக வாங்குவது, சமமாகப் பிரிப்பது. கெங்கம்மாக்கா பிரிப்பாள். தராசு கிடையாது. ஒவ்வொரு கூறிலும் எல்லாமும் இருக்க வேண்டும்: தொடைக்கறி, நெஞ்செலும்பு, ஒரு துண்டு ஈரல், ஒரு பிடி குடல், கொஞ்சம் கொழுப்பு. பிரித்து முடித்துவிட்டு எட்டி நின்று பார்ப்பாள். ஒரு கூறிலிருந்து ஒரு எலும்பை எடுத்து இன்னொன்றில் வைப்பாள். பிறகு முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வாள். அதுதான் சரியாகிவிட்டது என்பதற்கு அடையாளம்.

நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்பேன். கெங்கம்மாக்கா ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பாள். எந்தக் கூறைத் தொட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு பெயரைச் சொல்வேன். "நாலாவது மாடி செல்லம்மாக்காவுக்கு." செல்லம்மாக்கா வந்து எடுத்துக்கொள்வாள். "இது யாருக்கு?" "எங்க வூட்டுக்கு." யார் முகத்தையும் பார்க்காமல் பெயர் சொல்வதால், பெரிய கூறு அவளுக்குப் போனது, சின்னது எனக்கு வந்தது என்று யாரும் சண்டைக்கு வர முடியாது.

இந்த வேலை எனக்கு வந்ததற்குக் காரணம் கெங்கம்மாக்காதான். யாராவது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பத்தாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். எழுந்து வாசி என்றால் எழுந்துவிடுவேன், வாசிக்க வராது. ஆனால் சுவரோடு பேச எனக்குச் சிரமமில்லை. அதைக் கெங்கம்மாக்கா எப்படியோ கண்டுபிடித்தாள். என் பெயர் தமன்னா. "பேரு சினிமாப் பேரு, வாயி ஊமப்படம்" என்று அவள் கிண்டல் செய்யாத நாள் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் பெயர் சொல்லும்போது எவனாவது பேசினால், "கம்முனு இர்றா, பாப்பா சொல்லிகினு கீது இல்ல?" என்று அதட்டுவாள்.

எப்போதும் பெயர்களைவிட ஒரு கூறு கூடுதலாகப் போடுவாள். கடைசியில் அது மட்டும் மிஞ்சும். கெங்கம்மாக்கா அதையும் தொட்டுக் கேட்பாள்.

"இது யாருக்கு?"

"தெரியாது" என்பேன்.

அதற்குப் பெயர் பேரில்லாக் கூறு. நான் அப்படிச் சொன்னதும் எல்லாரும் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கெங்கம்மாக்கா மோட்டார் போடும் சத்தம் கேட்கும் வரைக்கும் யாரும் வெளியே தலை நீட்டக் கூடாது, சன்னலில் நிற்கக் கூடாது. அந்த நேரத்துக்குள், அந்த வாரம் பணம் போட முடியாத ஒரு வீட்டிலிருந்து யாராவது இறங்கி வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். வேலை நின்றுபோயிருக்கும், ஆஸ்பத்திரிக்குச் செலவாகியிருக்கும், எதுவாகவும் இருக்கும். யார் என்று கேட்கிற வழக்கமில்லை. அப்பா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதம் அம்மா குண்டானை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இறங்கினாள். நான் சோற்றைப் பார்த்தேன், அம்மாவைப் பார்க்கவில்லை.

எல்லா வாரமும் எல்லார் பெயரும் வராது. சிலர் விரதம் என்பார்கள், சிலர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள். என் தோழி ஷாலுவின் பெயர் மூன்று மாதமாக வரவில்லை. அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். முகத்தைப் பார்த்து நான் பேசுவது அவளோடு மட்டும்தான். திங்கட்கிழமை தண்ணீர் வரிசையில் குடத்தை என் குடத்தோடு இடித்து, "இன்னாடி, நேத்து இன்னா கொயம்பு?" என்று கேட்பாள்.

"கறிக் கொயம்பு. உங்க வூட்ல?"

"மீன் கொயம்பு. நெட்டுக்குப்பத்துல அவருக்குத் தெரிஞ்சவங்க குடுத்தாங்க."

அவள் கணவன் நிலவன் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் ஒப்பந்த வேலை பார்த்தவன். மீன்காரத் தோழர்கள் இருக்கலாம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

கேமரா வந்தது பைக்குகளால். யாரோ பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போனார்கள். காலையில் வேலைக்குக் கிளம்புகிறவன் வண்டியை உதைத்துப் பார்த்துவிட்டு எங்கள் எல்லாருடைய அம்மாக்களையும் திட்டுவான். இரண்டாவது மாடிக்குப் புதிதாக வந்திருந்த தீபன் அண்ணன்தான், "ஒரு கேமரா போட்டுடலாம்க்கா" என்றார். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறவர். தனியாள். ஞாயிற்றுக்கிழமையும் சில வாரம் வேலை, இல்லாத வாரம் மத்தியானம் வரைக்கும் தூக்கம், அப்புறம் ஓட்டல். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் சங்கச் செயலாளரும் ஆனார். நல்லவர். லிப்டே இல்லாத கட்டடத்தில் யார் சிலிண்டர் தூக்கினாலும் ஒரு கை பிடிப்பார். எல்லாரும் பணம் போட்டு, அவர் ஏணியில் ஏறி நின்று, படிக்கட்டுக்கு அடியில் கேமராவை மாட்டினார். அன்றைக்குக் கெங்கம்மாக்கா அதைப் பார்த்துத் தலையை வாரிக்கொண்டாள். "நம்ம மூஞ்சி டிவில வருமா நைனா?" "போன்ல வரும்க்கா." "அது போதும்."

பெட்ரோல் திருட்டு நின்றது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை தீபன் அண்ணன் வேலையில் இருந்தார். மதியத்துக்கு முன்னால் பிளாக்கின் வாட்ஸாப் குழுவில் ஒரு சின்ன வீடியோ வந்தது. கூடவே எழுதியிருந்தார்: "நம் பிளாக்கில் கறித் திருட்டு நடக்கிறது. எல்லாரும் போன பிறகு வந்து எடுக்கிறார். யார் என்று தெரிந்தால் உடனே சொல்லவும்."

வீடியோவில் ஒரு பெண் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வருகிறாள். முகம் தெரியவில்லை. குனிந்து இலையோடு எடுத்து ஒரு குண்டானில் வைக்கிறாள், மூடுகிறாள். முகத்தை எவ்வளவு மறைத்தாலும் இடுப்பில் பிள்ளை இருந்தது. பிள்ளையின் தலையில் மஞ்சள் குல்லா.

அந்தக் குல்லாவைப் பின்னியது நான்தான். பிளாக்கில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒன்று கிடையாது. ஷாலுவின் மகன் பீம்ராவின் முதல் பிறந்தநாளுக்குக் கொடுத்தது.

குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. காலை வணக்கத்துக்கே நாற்பது பூ அனுப்புகிறவர்கள், அன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை. கெங்கம்மாக்கா மட்டும் சாயங்காலம் தீபன் அண்ணன் வரும் வரைக்கும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா நைனா, போலீசு வேலைக்கு சேந்துட்டியா?"

"யாருன்னு தெரிஞ்சிதாக்கா?"

"தெரிஞ்சிது. அதான் பேஜாரு."

பேரில்லாக் கூறு என்றால் என்ன என்று கெங்கம்மாக்கா அவருக்குச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தார்.

"அழிச்சிட்டேன்க்கா."

"போன்ல அழிச்சிட்ட. எங்க கண்ணுல கீறத இன்னா பண்ணுவ?"

"எனக்கு மெய்யாலுமே தெரியாதுக்கா. ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்."

"இதெல்லாம் சொல்றதா நைனா? சொல்லாம இருக்கிறதுதான் அது."

அவர் போனைப் பாக்கெட்டில் போட்டார். "ஒண்ணு பண்ணலாம். கஷ்டப்படறவங்க பேர மட்டும் எங்கிட்ட குடுங்க. நானே பாய் கிட்ட சொல்லி, அழகா பாக்கெட் போட்டு, வூட்டு வாசல்லயே குடுக்கச் சொல்றேன். பணம் நான் தரேன்."

கெங்கம்மாக்கா அவர் கன்னத்தைத் தொட்டாள். "உனுக்கு நல்ல மனசுடா. ஆனா நீ குடுக்கறது உன்னுது. கூறு எங்களுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தீபன் அண்ணன் கேமராவின் மேல் ஒரு துணிப்பையை மாட்டிவிட்டுப் போனார். அது எதற்கும் உதவவில்லை. கேமராவை மூடினாலும் இனி எல்லாருக்கும் தெரியும். நான் பெயர்களைச் சொல்லி முடித்தேன். கெங்கம்மாக்கா கடைசிக் கூறைத் தொட்டாள்.

"இது யாருக்கு?"

எனக்குச் சத்தம் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றும் வரவில்லை. இத்தனை நாள் "தெரியாது" என்று சொன்னபோது எனக்கு மெய்யாகவே தெரியாது. இப்போது சொன்னால் பொய். எனக்குத் தெரியும், எனக்குப் பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

"பாப்பா" என்றாள் கெங்கம்மாக்கா மெதுவாக.

"தெரியாது" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

எல்லாரும் மேலே போய்க் கதவைச் சாத்தினார்கள். ரொம்ப நேரமாகியும் மோட்டார் சத்தம் வரவில்லை. கடைசியில் வந்தபோது நான் கீழே ஓடினேன். கூறு அப்படியே இருந்தது. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. கெங்கம்மாக்கா அதை இலையோடு எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடி ஏறி ஷாலுவின் கதவைத் தட்டினாள். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. மறுபடியும் தட்டினாள். பிள்ளையின் சத்தமும் நின்றுபோனது. வாயைப் பொத்தியிருப்பாள்.

கெங்கம்மாக்கா அந்தக் கறியை நீளநீளமாக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, மொட்டை மாடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். உப்புக்கண்டம் எங்கள் எல்லாருக்கும் பிடிக்கும். சாதாரணமாக இரண்டாவது நாளே யாராவது ஒரு துண்டைத் திருடிச் சுட்டுத் தின்றுவிடுவார்கள். இந்த முறை துணி காயப்போட வருகிறவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமலேயே காயப்போட்டுவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை தண்ணீர் வரிசைக்கு ஷாலு வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை நான் போய்க் கதவைத் தட்டாமல், "நான்தான்டி" என்றேன். திறந்தாள்.

பீமு தரையில் உட்கார்ந்து, டீயில் நனைத்த பொறையைச் சப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் "தம்மா" என்று கையை நீட்டினான். என் பெயரில் அவனுக்கு வருவது அவ்வளவுதான். தலையில் குல்லா இல்லை. கட்டில்மேல் ஒரு பெரிய பை திறந்து கிடந்தது, பாதி துணி உள்ளே.

"எங்கடி போற?"

"புளியந்தோப்புக்கு. அம்மா வூட்டுக்கு."

"எத்தினி நாளு?"

"தெரில. அவருக்கு வேல கெடைக்கிற வரைக்கும். திங்கக்கெயம காலைல போறேன். ஞாயித்துக்கெயம இவரு யாரையோ பாக்கணும்னு சொன்னாரு, வேல விஷயமா."

"அம்மா வூட்ல எடமேது? ஒங்கண்ணி..."

"எங்கண்ணி மூஞ்ச தூக்கி வெச்சிப்பா. வெச்சிக்கட்டும். ஒருத்தி மூஞ்சதான். இங்க எத்தினி மூஞ்சி!"

"இங்க யாரும் ஒண்ணும் நெனைக்கலடி."

"நெனைக்கல. அதான் பாவமா பாக்கறாங்க. செல்லம்மாக்கா படிக்கட்டுல ஓரமா ஒதுங்கி எனுக்கு வழி உட்டாங்க. அந்தம்மா யாருக்காவது வழி உட்டு பாத்துக்கிறியா நீ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும், அடக்கிக்கொண்டாள். பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"கெங்கம்மாக்கா எடுத்துகினு வந்து தட்டினாங்களே" என்றேன்.

"அது பேரில்லாக் கூறா இருந்த வரைக்கும் எடுத்தேன். எடுக்கும்போது எனக்கு வெக்கமே இல்லடி. எங்க வூட்ல காசு இருந்தப்ப நாங்களும்தான அதுக்கு சேத்து போட்டோம்? எம்பங்குன்னு எடுத்தேன். இப்ப அதுக்கு எம்பேர வெச்சிட்டாங்க. இனிமே எடுத்தா அது பிச்ச."

பீமுவை மடியில் எடுத்துக்கொண்டேன். எடை குறைந்திருந்தான். முன்னால் அவனைத் தூக்கினால் இடுப்பு வலிக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. நான் குடத்தோடு கீழே போனேன். பிளாக் முழுவதும் இறங்கியிருந்தது. ஒரே கடையில் வாங்கிய குடங்கள், பச்சையும் நீலமும். இடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, குழாயைப் பிடுங்கிக்கொண்டு நின்றார்கள். என் குடம் எது என்று எனக்கே தெரியவில்லை. யாரோ பிடித்துவைத்ததை நான் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தேன். "ஏய், அது என்னுது!" என்று ஒருத்தி கத்தினாள். அவளுடையதும் இல்லை அது. இத்தனை பேர் ஒன்றாக இறங்கினால் எந்தக் குடம் யாருடையது என்று லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றதில் பின்னால் இருந்தவர்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள்.

நேராகக் கெங்கம்மாக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே?"

வாயைத் திறந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது. அவள் காத்திருந்தாள்.

"அக்கா, நீ கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கோயேன்."

கெங்கம்மாக்கா ஒரு நொடி முழித்தாள். பிறகு வெங்காயத் தட்டோடு அப்படியே நகர்ந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவள் முதுகைப் பார்த்து நான் பேசினேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. முடித்த பிறகும் அவள் திரும்பவில்லை. தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். திரும்பியபோது கண் சிவந்திருந்தது. "வெங்காயம்டி" என்றாள்.

சனிக்கிழமைக்குள் அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டாள். "கூறு வாங்கி வூட்ல வெச்சிட்டு, இன்னொரு தபா கீய வரணும். எல்லாரும். மூடி போட்ட ஏனத்தோட. வந்து, குனிஞ்சி, எய்ந்திரிச்சி, போயிடணும். பணம் போட்டவங்க, போடாதவங்க, எல்லாரும்."

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னு கேக்காதவங்க மட்டும் வாங்க."

செல்லம்மாக்காவுக்குக் கோபம். "நாலு மாடி! ரெண்டு தபா! எம்முட்டி இன்னாத்துக்கு ஆவும்? அப்ப அந்த மண்ணீரல எனுக்கு குடு."

"மண்ணீரலு மாசமா இருக்கிறவளுக்குத்தான். நீ மாசமா கீறியா?"

"ஒன் வாயில வசம்பு வெச்சித் தேய்க்க."

திட்டிவிட்டு, வருகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மூன்றாவது மாடிக்குப் போனேன். கட்டிலில் பை கட்டித் தயாராக இருந்தது. ஷாலுவிடம், "ஏனத்துல மூடி போட்டு எடுத்துகினு வாடி" என்றேன்.

"எனக்கு வேணாம்னு சொன்னேன் இல்ல?"

"எடுக்க வேணாம். சும்மா வந்து குனிஞ்சிட்டுப் போ. எல்லாரும் வராங்க. நீ மட்டும் வரலன்னா நல்லா இருக்காது."

அவள் பையின் முடிச்சை இறுக்கினாள். நான் இறங்கிவிட்டேன்.

கேமராவில் பை இல்லை. கெங்கம்மாக்காதான் எடுக்கச் சொல்லியிருந்தாள். "அது பாட்டுக்கு பாக்கட்டும். எதப் பாக்குதுன்னு அதுக்கே தெரியக் கூடாது."

கூறு பிரித்தாள். நான் பெயர்களைச் சொன்னேன். எல்லாரும் எடுத்துக்கொண்டு மேலே போனார்கள். கடைசிக் கூறை அவள் மோட்டார் அறைக்குள்ளே கொண்டுபோய் வைத்து, அன்னக்கூடையைக் கவிழ்த்து மூடினாள். ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். கூடையைத் தூக்க வேண்டும். கறி இருந்தது, இல்லை என்று வெளியே வந்து யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது.

"நீ அங்கயே நில்லு" என்றாள் என்னிடம். நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

ஹபீபுல்லா பாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒங்க பிளாக்கு இல்லம்மா. நான் பாக்கலாமா கூடாதா?"

"கூடாது பாய்."

"சரிதான்." அவர் மீன்பாடி வண்டியை முழுசாகத் திருப்பி, ரோட்டைப் பார்க்க நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வண்டி திரும்பும் சத்தத்தில் அது தெரிந்தது.

முதலில் ஒரு செருப்புச் சத்தம் இறங்கியது. பின்னால் இன்னொன்று. பிறகு படிக்கட்டு முழுவதும் சத்தம். வளையல், கொலுசு, மூடி குண்டானில் இடிக்கிற சத்தம். மோட்டார் அறையின் இரும்புக் கதவு கிறீச்சிட்டது, மூடியது, கிறீச்சிட்டது. யாரோ சிரித்தார்கள். யாரோ, "எம்மேல ஏறாதடி" என்றார்கள். செல்லம்மாக்கா ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு விட்டுக்கொண்டே இறங்கினாள். அம்மாவின் இருமல் கேட்டது. எங்கள் வீட்டில் கறி இருந்தது, இருந்தாலும் அம்மா பெரிய குண்டானைத்தான் எடுத்துவந்திருப்பாள், எனக்குத் தெரியும்.

"உனக்கு இன்னா நைனா இங்க? டிபன் பாக்ஸ எடுத்துகினு வந்துகிற?" கெங்கம்மாக்காவின் குரல்.

"எல்லாரும் வரச்சொல்ல நான் மட்டும் வரலன்னா, நான் எடுக்கலன்னு தெரிஞ்சிடும் இல்லக்கா?" தீபன் அண்ணன்.

கெங்கம்மாக்கா இரும்புக் கதவைத் திறந்துவிட்டாள். "உள்ள போ. மூடி ஒயுங்கா மூடு" என்றாள்.

நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு இடத்தில் ஆமை மாதிரி இருக்கும். அதன் தலையைப் பார்த்துக்கொண்டு, சத்தங்களைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன். ஷாலுவின் ஒரு செருப்பில் வார் அறுந்து ஊக்கு போட்டிருக்கும். அது இழுபடும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் காது தேடிக்கொண்டே இருந்தது. இரும்புக் கதவு கிறீச்சிட்டது, மூடியது. இழுபடும் சத்தம் வரவில்லை. வரமாட்டாள் என்று நினைத்தேன்.

அப்போது எனக்குப் பின்னால், நெரிசலுக்கு நடுவில் எங்கிருந்தோ, "தம்மா!" என்று ஒரு குரல் கூப்பிட்டது.

எனக்குத் திரும்பிவிட வேண்டும்போல் இருந்தது. இரண்டு கையையும் சுவரில் ஊன்றிக்கொண்டேன். அவள் முன்னால் நிற்கிறாளா, பின்னால் நிற்கிறாளா, உள்ளே போகப்போகிறாளா, போய்விட்டு வந்தாளா, தெரியாது. இரும்புக் கதவு இன்னும் பல தடவை கிறீச்சிட்டது. பிறகு சத்தங்கள் மேலே ஏறத் தொடங்கின. ஒவ்வொரு மாடியிலும் கதவு சாத்தப்பட்டது.

எல்லாம் அடங்கியது. கெங்கம்மாக்கா மோட்டார் அறைக்குள் போனாள். கூடையை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்து எனக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"பாப்பா, திரும்பு."

திரும்பினேன். அவள் கையில் வெறும் கூடை இருந்தது. கூடைக்குள் வாழை இலைகூட இல்லை.

"அது யாருக்கு?" என்று கேட்டாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "தெரியாது" என்றேன்.

"எனுக்கும் தெரியாதுடி" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். போய் மோட்டாரைப் போட்டாள்.

அன்றைக்குப் படிக்கட்டு முழுவதும் மசாலா வாசனை. எந்த வாசனை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. சாயங்காலம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். கயிற்றில் உப்புக்கண்டம் பாதிதான் இருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாக யாரோ தீ மூட்டிச் சுட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் தண்ணீர் வரிசையில் நின்றேன். பின்னாலிருந்து ஒரு குடம் என் குடத்தை இடித்தது. அடியில் மிஞ்சியிருந்த தண்ணீர் காலில் கொட்டியது.

"இன்னாடி, நேத்து இன்னா கொயம்பு?"

ஷாலு. இடுப்பில் பீமு. தலையில் மஞ்சள் குல்லா, ஒரு பக்கம் கண்ணை மறைத்துக்கொண்டு.

"கறிக் கொயம்பு" என்றேன். "புளியந்தோப்புக்கு எப்ப போற?"

"யாரு போறா?" குடத்தை மாற்றி வைத்தாள். "இவரு வேலைக்கு அந்தாளு அடுத்த வாரம் சொல்றேன்னுகிறாரு. கெடைக்கும், கெடைக்காது. பாப்போம்."

"உங்க வூட்ல இன்னா கொயம்பு?"

அவள் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீன் கொயம்பு" என்றாள். "நெட்டுக்குப்பத்துல அவருக்குத் தெரிஞ்சவங்க குடுத்தாங்க."

பீமு என் பக்கம் தாவினான். வாங்கிக்கொண்டேன். அவன் விரலை என் வாயருகே கொண்டுவந்தான். நான் முகர்ந்து பார்க்கவில்லை.

"நல்லா இருந்துச்சா?" என்றேன்.

"சூப்பரா இருந்துச்சி" என்றாள் ஷாலு. "தள்ளுடி, வரிச போவுது பாரு."